சோம்பலா, நம்பிக்கையீனமா? மனிதரை உழைக்க வைப்பது எது?

இம்மாதம் வானொலியில் நான் ஆற்றிய உரையை எழுத்தில் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். உரையில் நேரம் போதாமல் விட்ட சில விபரங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

எங்கள் வீடுகளில் மிக இலகுவாக வாயில் வருகின்ற சொல் "சோம்பேறி" என்பது. பரீட்சைக்குப் படிக்காத மகன் சோம்பேறி. நீச்சல் வகுப்பை இடையில் விட்ட மகள் சோம்பேறி. ஓவர்டைம் செய்ய மறுக்கும் சக தொழிலாளி சோம்பேறி. வந்து பத்து வருடமாகியும் ஆங்கில வகுப்புப் பக்கம் போகாத உறவினர் சோம்பேறி. திருவள்ளுவரும் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்து, அதற்கு அடுத்ததாகவே மடியின்மைக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். ஆகவே இது இன்றைய பிரச்சினை அல்ல. ஆனால் ஒருவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. ஏன் அவர் முயலவில்லை என்ற கேள்வி அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது.

அந்தக் கேள்வியை நிறுத்தாமல் கேட்டவர்களில் ஒருவர் விக்டர் வ்ரூம். 1932 இல் மொன்றியலில் பிறந்த கனடியர். இளமையில் ஜாஸ் இசைக்கலைஞராக வர ஆசைப்பட்டவர். மக்கில் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவின் மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பேராசிரியராக இருந்தார். 2023 இல் காலமானார். 1964 இல் அவர் எழுதிய "வேலையும் ஊக்கமும்" என்ற நூலில் முன்வைத்ததுதான் எதிர்பார்ப்புக் கோட்பாடு. முகாமைத்துவம் படித்த உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததாகச் சொல்வார்கள். ஆனால் அது அகதியாக வந்த எங்கள் குடும்பங்களின் கதைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை அந்தப் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை.

மூன்று கேள்விகள்

வ்ரூம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒரு மனிதர் ஒரு காரியத்தில் முயற்சி போடுவதற்கு முன், தன்னை அறியாமலே மூன்று கேள்விகளை மனதுக்குள் கேட்கிறார்.

முதலாவது: நான் முயன்றால் என்னால் இதைச் செய்ய முடியுமா?

இரண்டாவது: நான் செய்து முடித்தால், அதற்குரியது எனக்குக் கிடைக்குமா?

மூன்றாவது: கிடைப்பது எனக்கு எவ்வளவு பெறுமதியானது?

இவை மூன்றையும் கூட்டுவதில்லை, பெருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கோட்பாட்டின் முக்கியமான இடம். முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓர் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதன் விடை ஒன்றிலிருந்து, பூச்சியத்துக்குக் கீழேயும் இறங்கி, கழித்தல் ஒன்று வரை போகலாம். ஒரு மாணவனுக்கு மூன்றும் 0.9 என்றால், பெருக்கினால் 0.73 அளவில் வரும். அவன் நன்றாகப் படிப்பான். இப்போது இரண்டாவதை மட்டும் 0.1 ஆக மாற்றுங்கள். அதே கெட்டித்தனம், அதே ஆசை. ஆனால் பெருக்கினால் 0.08 தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவன் சோம்பேறி.

கூட்டலாக இருந்தால் ஒன்றில் உள்ள குறையை மற்றொன்றால் ஈடுகட்டலாம். பெருக்கலில் அது நடக்காது. ஒன்று பூச்சியமானால் எல்லாம் பூச்சியம். "உனக்கு மடிக்கணினி வாங்கித் தருகிறேன், படி" என்று மூன்றாவதை எவ்வளவு கூட்டினாலும், "எனக்குக் கணக்கு வராது" என்று முதலாவதில் பூச்சியத்தோடு இருக்கும் பிள்ளையை அது அசைக்காது.

இனி ஒவ்வொரு கேள்வியாக எடுத்து, எங்கள் சொந்த அனுபவத்தோடு வைத்துப் பார்ப்போம்.

என்னால் முடியுமா?

விளையாட்டு உலகில் இந்தக் கேள்வி மிகத் தெளிவாகத் தெரியும். எங்கள் ஊரில் இருந்தே தொடங்குகிறேன். 1954 இல் தொண்டைமானாறைச் சேர்ந்த நவரத்தினசாமி பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். அதுவரை, வள்ளத்தில் போகும் கடல் என்றுதான் அதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். அடுத்த ஊரான வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆனந்தன், 1971 இல் அதே நீரிணையை இருவழியும் 51 மணிநேரத்தில் நீந்தினார். ஆழிக்குமரன் என்று ஊர் அவரை அழைத்தது. 1984 ஓகஸ்ட் 6 ஆம் திகதி, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் அவர் உயிரிழந்தார்.

ஒரு கரையில் ஒருவர் ஒன்றைச் செய்து காட்டினால், அதே கரையில் வளரும் இன்னொருவருக்கு "முடியுமா" என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடுகிறது. இதை ஆராய்ந்தவரும் ஒரு கனடியர்தான். அல்பேர்ட் பண்டூரா 1925 இல் அல்பேர்ட்டா மாகாணத்தின் மண்டேர் என்ற சிற்றூரில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். 2021 இல் காலமானார். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்று அவர் சொன்னார். நாமே சிறிது சிறிதாக வென்று பார்த்தது, எங்களைப் போன்ற ஒருவர் வென்றதைக் கண்டது, நாம் மதிப்பவர் சொல்லும் ஊக்க வார்த்தை, எங்கள் உடலும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றில் பலம் கூடியது முதலாவது. வார்த்தை அதைவிடப் பலம் குறைந்தது. நாங்கள் வீட்டில் மிகுதியாகப் பயன்படுத்துவதோ வார்த்தையைத்தான்.

இரண்டாவது வழியில் "எங்களைப் போன்ற" என்ற சொல்லைக் கவனியுங்கள். யாரோ ஒரு பெரிய மேதையைக் காட்டிப் பிள்ளைக்கு நம்பிக்கை ஊட்ட முடியாது. அதே தெருவில், அதே பாடசாலையில், அதே மாதிரி வீட்டில் வளர்ந்த அக்காவோ அண்ணாவோ செய்ததைக் காட்டினால் பிள்ளை நம்பும். அதற்காக "அவனைப் பார், நீயும் இருக்கிறாயே" என்று ஒப்பிட்டால், வழிகாட்டியாக இருக்க வேண்டியவன் எதிரியாகிவிடுவான். அந்த அண்ணா எப்படிப் படித்தார், எங்கே தடுமாறினார் என்பதை அவர் வாயாலேயே பிள்ளை கேட்கட்டும்.

இங்கே கனடாவோடு தொடர்பான ஒரு கதையும் சொல்ல வேண்டும். 2003 இல் தென்னாபிரிக்காவில் நடந்த உலகக் கிண்ணக் கிரிக்கெட்டில் கனடிய அணி விளையாடியது. 1979 இற்குப் பிறகு அதுதான் கனடாவுக்குக் கிடைத்த அடுத்த உலகக் கிண்ணம். அணியில் பெரும்பாலானோர் வேறு தொழில் பார்த்துக்கொண்டு விளையாடியவர்கள். கொழும்பில் பிறந்த சஞ்சயன் துரைசிங்கமும் அந்த அணியின் பந்துவீச்சாளர்களில் ஒருவர். பெப்ரவரி 11 இல் டேர்பனில், டெஸ்ட் அந்தஸ்துள்ள பங்களாதேசத்தை 60 ஓட்டங்களால் கனடா வென்றது. எட்டே நாளில், பெப்ரவரி 19 இல், இலங்கைக்கு எதிராக 36 ஓட்டங்களுக்கு அதே அணி சுருண்டது. அன்றுவரை உலகக் கிண்ணத்தில் அதைவிடக் குறைந்த தொகை இல்லை. அடுத்த நான்காம் நாள், பெப்ரவரி 23 இல், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அதே அணியின் ஜோன் டேவிசன் 67 பந்துகளில் சதம் அடித்தார். அப்போது அது உலகக் கிண்ணத்தின் மிக வேகமான சதம். ஆட்டத்தில் கனடா தோற்றது. ஆனாலும் 36 இற்குப் பிறகு அப்படி ஒரு துடுப்பாட்டத்தை யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

ஒரு தவணையில் கணிதத்தில் 45 புள்ளி எடுத்த பிள்ளையின் வீட்டில் இந்தக் கதையைச் சொல்லலாம். கடைசிப் பெறுபேற்றை மட்டும் வைத்துத் தன் ஆற்றலை அளக்க வேண்டாம் என்று விளங்கப்படுத்த இது உதவும்.

செய்தால் கிடைக்குமா?

நேயர்களே, எங்கள் மக்களின் கதை இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

1971 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஆண்டு மருத்துவ பீடத்துக்குத் தெரிவாக, 400 இல் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளி தேவைப்பட்டது. சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமாக இருந்தது. பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு இது 250 உம் 227 உமாக இருந்தது. தரப்படுத்தல் என்று அதை அழைத்தோம். தொடர்ந்து மாவட்ட ஒதுக்கீடும் வந்தது. 1969 இல் விஞ்ஞானம் சார்ந்த கற்கைநெறிகளுக்குத் தெரிவானவர்களில் 27.5 சதவீதமானோர் வட மாகாணத்தவர். 1974 இல் அது 7 சதவீதமாகக் குறைந்தது. அனுமதி முறைகள் பின்னர் பல தடவை மாற்றப்பட்டன. ஆனால் அன்று உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு அந்த மாற்றங்கள் பிந்தியே வந்தன.

இதை வ்ரூமின் கணக்கில் போட்டுப் பாருங்கள். 240 புள்ளி எடுத்த மாணவனுக்கு "என்னால் முடியுமா" என்பதில் சந்தேகமில்லை. எடுத்துக் காட்டிவிட்டான். மருத்துவர் ஆவதன் பெறுமதியிலும் சந்தேகமில்லை. வெட்டப்பட்டது நடுவில் உள்ள இணைப்பு மட்டுமே. ஒரு தலைமுறை இளைஞர்களின் மனம் எப்படி மாறியது என்பதை வரலாற்றாசிரியர்கள் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். ஊக்கம் பற்றிப் படிப்பவருக்கு அதில் ஒரு பாடம் உண்டு. உழைப்புக்கும் பலனுக்கும் இடையிலான கயிறு அறுந்தால், மிகக் கெட்டிக்காரர்தான் முதலில் அதை உணர்கிறார். ஏனென்றால் இழப்பதற்கு அவரிடம் அதிகம் இருக்கிறது.

அங்கிருந்து இங்கே வந்தோம். இங்கே அந்தக் கயிற்றுக்கு வேறு பெயர்: "கனடிய அனுபவம்". 90 களில் நான் இந்த நகரத்துக்கு வந்து, பிளாஸ்ரிக் பொருட்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்தேன். என்னோடு பெட்டி அடுக்கியவர்களில் ஒருவர் ஊரில் நில அளவையாளர், ஒருவர் விஞ்ஞான ஆசிரியர், இன்னொருவர் வங்கி உத்தியோகத்தர். நேர்முகத்துக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் ஒரே பதிலோடு வந்தார்கள். கனடிய அனுபவம் இல்லையாம். வேலை தராமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று சாப்பாட்டு இடைவேளையில் கேட்டுக்கேட்டுக் களைத்து, பிறகு அதைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். பின்னாளில் புதிதாக வந்தவர்களுக்கு வேலை தேடும் பயிற்சி வகுப்புகளில் நான் உதவி செய்தபோதும் இதே கதையைக் கேட்டேன்.

இது வெறும் மனக்குறை அல்ல என்பதற்கு ஆதாரமும் உண்டு. பொருளியலாளர் பிலிப் ஓரியோபௌலோஸ் 2008 அளவில் ரொறன்ரோவில் ஒரு பரிசோதனை செய்தார். விளம்பரமான வேலைகளுக்கு ஆயிரக்கணக்கான கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி, யாருக்கு அழைப்பு வருகிறது என்று பார்த்தார். ஆங்கிலப் பெயரும் கனடியப் படிப்பும் கனடிய அனுபவமும் உள்ள விண்ணப்பங்களில் 100 இற்கு ஏறத்தாழ 16 இற்கு அழைப்பு வந்ததாக முதற்கட்ட முடிவுகள் காட்டின. சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயரோடு வெளிநாட்டுப் படிப்பும் வெளிநாட்டு அனுபவமும் உள்ளவற்றில் 100 இற்கு 5 இற்கே வந்தது. இன்னொன்றும் தெரியவந்தது. வெளிநாட்டுப் பின்னணி உள்ளவர்களை அழைப்பதா என்று தீர்மானிக்கையில், இங்கே பெற்ற படிப்பைவிட இங்கே பெற்ற அனுபவத்துக்கே முதலாளிமார் கூடிய மதிப்புக் கொடுத்தார்கள்.

சட்டம் மெதுவாகப் பின்னால் வந்தது. காரணம் காட்டாமல் கனடிய அனுபவம் கேட்பது வெளித்தோற்றத்திலேயே பாரபட்சம் என்று ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013 இல் கொள்கை வெளியிட்டது. 2021 இல் நிறைவேறிய மாகாணச் சட்டம், சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் பல தொழில்களின் அனுமதிக்கு அதைக் கேட்பதைத் தடுத்தது. 2024 இல் நிறைவேறிய இன்னொரு சட்டம் பகிரங்க வேலை விளம்பரங்களில் அதைக் கேட்பதைத் தடைசெய்து, 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு 2026 ஜனவரி 1 ஐ நடைமுறைத் திகதியாகக் குறித்தது. விளம்பரத்தில் இல்லாதது மனதில் இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்பது தவறு என்று சொல்ல இப்போது எங்கள் கையில் ஒரு தாள் இருக்கிறது.

வேலை தேடுவோர் ஒரு சிறு கணக்கை மனதில் வைத்திருங்கள். 100 இற்கு 5 என்ற நிலையில் உள்ள ஒருவர் 20 விண்ணப்பங்கள் அனுப்புகிறார். ஓர் அழைப்புக்கூட வராமல் போக எவ்வளவு வாய்ப்பு? மூன்றில் ஒன்றுக்கும் சற்று அதிகம். அதாவது அப்படியான மூன்று பேரில் ஒருவர், 20 அனுப்பி ஒன்றும் வராததால் "இந்த நாட்டில் எனக்குக் கிடைக்காது" என்று முடிவு கட்டி நிறுத்திவிடக்கூடும். அவரே 60 அனுப்பினால், ஒன்றும் வராமல் போகும் வாய்ப்பு 100 இற்கு 5 இற்கும் குறைவு. அநியாயம் அநியாயம்தான். ஆனால் குறைந்த வாய்ப்பும் பூச்சியமும் ஒன்றல்ல. பெருக்கல் கணக்கில் 0.05 இற்கும் பூச்சியத்துக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. விண்ணப்பத்தைத் திருத்தி, தெரிந்தவர் மூலம் அறிமுகம் பெற்று, அந்த 5 ஐ 10 ஆக்கினால் முழுக் கணக்கும் இரண்டு மடங்காகும்.

சாப்பாட்டு மேசையில் இருக்கும் சாட்சி

இனி இந்த உரையில் நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது: "படி, படித்தால் நல்ல உத்தியோகம் கிடைக்கும்." பிள்ளை இதைக் கேட்கும்போது அதன் எதிரே யார் இருக்கிறார்? ஊரில் படித்துப் பட்டம் பெற்று, இங்கே இரவு வேலைக்குப் போய், காலை ஏழு மணிக்குக் கண் சிவந்து வருகின்ற தகப்பன். அல்லது ஆசிரியராக இருந்து இங்கே துப்புரவு வேலை செய்யும் தாய். படித்தால் கிடைக்கும் என்ற கூற்றுக்கு எதிரான சாட்சி அதே சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. பிள்ளை வாய் திறந்து கேட்பதில்லை. ஆனால் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கின் விடையை நாங்கள் சோம்பல் என்று பெயரிட்டு ஏசுகிறோம்.

இதன் மறுபக்கமும் உண்டு. சில வீடுகளில் பெரியவர்கள் தங்கள் கசப்பில், "எவ்வளவு படித்தாலும் எங்கள் தோலுக்கு இவ்வளவுதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளை அதையும் கேட்கிறது. முதலாவது கூற்றைப் பிள்ளையால் நம்ப முடியவில்லை. இரண்டாவதை நம்பிவிட்டால் முயற்சியே இல்லை.

அப்படியானால் எதைச் சொல்வது? உண்மையை, முழுவதாகச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. "நான் படித்தது வீண்போகவில்லை. நான் படித்த நாட்டில் அதற்கு ஒரு தடை போட்டார்கள். வந்த நாட்டில் வேறொரு தடை இருந்தது. உனக்கு அந்த இரண்டும் அதே மாதிரி இல்லை. நீ இங்கே படிக்கிறாய், உன் பத்திரம் இந்த நாட்டுப் பத்திரம். உனக்கும் சில தடைகள் வரலாம், அவை எவை என்று சேர்ந்து பார்ப்போம்." இப்படிச் சொன்னால் தகப்பனின் வாழ்க்கை படிப்புக்கு எதிரான சாட்சியாக இருக்காது. எந்த இணைப்பு எங்கே அறுந்தது என்று பிள்ளைக்கு விளங்கும். அத்தோடு, தகப்பன் ஏன் இப்படி உழைக்கிறார் என்பதும் விளங்கும்.

எனக்கு அது பெறுமதியா?

மூன்றாவது கேள்வியில் நாங்கள் அடிக்கடி தடுமாறுவது, எங்களுக்குப் பெறுமதியானது மற்றவருக்கும் பெறுமதி என்று எண்ணுவதால்தான்.

ஒரு தொழிற்சாலையில் நல்ல தொழிலாளி ஒருவருக்கு மேற்பார்வைப் பொறுப்புக் கொடுக்க முன்வருகிறார்கள். மணிக்கு ஒரு டொலர் கூட. அவர் மறுக்கிறார். முகாமையாளருக்கு விளங்கவில்லை. அவர் பக்கத்தில் இருந்து பார்த்தால், கூடவே வேலை செய்யும் நண்பர்களை அதட்ட வேண்டும், வேலை நேரம் மாறிப் பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்ற முடியாது, ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும். அவருக்கு அந்தப் பதவியின் பெறுமதி பூச்சியத்துக்கும் கீழே. வ்ரூம் கழித்தல் எண்ணுக்கு இடம் வைத்தது இதற்காகத்தான்.

எங்கள் சமூகம் இந்த நாட்டில் இரண்டு வேலை, மூன்று வேலை செய்ததும் இதே கேள்வியின் விடைதான். அந்த வேலைகள் எவருக்கும் விருப்பமான வேலைகள் அல்ல. ஆனால் அந்தச் சம்பளத்தில் ஊரில் ஒரு தம்பியின் பயணம், ஒரு தங்கையின் கல்யாணம், பயண முகவருக்குக் கொடுத்த கடன், அம்மாவின் மருந்து எல்லாம் இருந்தன. பெறுமதி வேலையில் இருக்கவில்லை, வேலைக்கு அப்பால் இருந்தது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கடன் முடிந்து, தம்பி வந்து சேர்ந்து, பிள்ளைகள் வளர்ந்த பின், 55 வயதில் திடீரென்று எதிலும் பிடிப்பில்லை என்று சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களை உழைக்க வைத்த பெறுமதி நிறைவேறிவிட்டது, புதிய ஒன்று இன்னும் வரவில்லை. அது நோயாகவும் இருக்கலாம் என்பதால் குடும்ப மருத்துவரிடம் பேசுவது நல்லது. அத்தோடு, இனி எனக்கு எது பெறுமதி என்று ஆறுதலாக யோசிப்பதும் தேவை.

பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்து ஊக்கப்படுத்துவது பற்றிப் பல தாய்மார் தொலைபேசியில் கேட்டிருந்தீர்கள். 1973 இல் வெளியான ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பாடசாலையில், படம் வரைய ஏற்கனவே விருப்பமுள்ள சிறு பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு, வரைந்தால் பரிசுப் பத்திரம் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. சில நாட்களின் பின் சுதந்திரமாக விட்டுப் பார்த்தபோது, முன்கூட்டியே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ அரைவாசி நேரமே வரைந்தார்கள். விருப்பத்தோடு செய்ததைக் கூலிக்குச் செய்வதாக மாற்றிவிட்டால், கூலி நின்றதும் விருப்பமும் குறைந்துவிடுகிறது. பிள்ளை தானாகவே விரும்பி உதைபந்து விளையாடினால் கோலுக்கு ஐந்து டொலர் என்று பேசாதீர்கள். பிள்ளைக்கு அறவே விருப்பமில்லாத வேலைக்குச் சிறு பரிசு கொடுப்பது வேறு விடயம்.

இலக்கும் வேண்டும்

வ்ரூமின் கோட்பாட்டில் குறைகளும் உண்டு. மனிதர் எல்லா நேரமும் கணக்குப் போட்டு நடப்பதில்லை. பழக்கம், பயம், கடமை, வெட்கம் என்பவற்றாலும் நடக்கிறோம். அத்தோடு, எவ்வளவு முயல்வது, எதை நோக்கி முயல்வது என்பதை அது போதியளவு சொல்வதில்லை. அந்த இடத்தை நிரப்பியவர்களில் ஒருவர், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பேராசிரியராக இருந்த கேரி லேதம்.

1970 களில் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் மரக்குற்றி ஏற்றும் லொறிச் சாரதிகளிடம் அவரும் சக ஆய்வாளரும் ஒரு சோதனை செய்தார்கள். சட்டம் அனுமதித்த நிறையில் ஏறத்தாழ 60 சதவீதமே சாரதிகள் ஏற்றி வந்தார்கள். "இயன்றவரை ஏற்றுங்கள்" என்று சொல்லி வந்த இடத்தில், 94 சதவீதம் என்று தெளிவான ஓர் இலக்கைக் கொடுத்தார்கள். கூடுதல் பணம் இல்லை, தண்டனையும் இல்லை என்றும் சொன்னார்கள். சில மாதங்களில் அது 90 சதவீதத்தைத் தாண்டியது.

"நன்றாகப் படி", "இயன்றதைச் செய்" என்ற எங்கள் அறிவுரை அந்தப் பழைய "இயன்றவரை ஏற்றுங்கள்" போன்றது. "இந்த வாரம் பின்னக் கணக்கில் 20 செய்து, 16 சரியாக வரவேண்டும்" என்றால் பிள்ளைக்கு எங்கே போகிறோம் என்று தெரியும். எட்டியதும், பண்டூரா சொன்ன முதலாவது வழியில் நம்பிக்கையும் வளரும்.

நாங்கள் செய்யக்கூடியவை

கடைசியாக, வீட்டிலும் வேலையிலும் மைதானத்திலும் பயன்படக்கூடிய சிலவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. ஒருவர் முயலவில்லை என்றால், சோம்பல் என்று சொல்வதற்கு முன் மூன்று கேள்விகளில் எது அறுந்திருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளையிடம் நேராகவே கேட்கலாம்: "கடினமாக இருக்கிறதா? செய்தும் பலனில்லை என்று நினைக்கிறாயா? அல்லது இதில் விருப்பமே இல்லையா?" மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

2. முதலாவது அறுந்திருந்தால் படியைச் சிறிதாக்குங்கள். நீச்சலில் ஆழமான பக்கத்துக்குப் போகப் பயந்த பிள்ளை, ஆழம் குறைந்த பக்கத்தில் பத்துத் தரம் வெல்லட்டும்.

3. இரண்டாவது அறுந்திருந்தால் வாக்குறுதியைக் காப்பாற்றுங்கள். "புள்ளி வந்தால் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று சொன்னால் கூட்டிப் போங்கள். சொந்தமாகக் கடையோ தொழிலோ நடத்துபவர்கள் எங்களில் பலர் இருக்கிறீர்கள். "ஆறு மாதத்தில் சம்பளம் கூட்டுவேன்" என்று சொன்னதைச் செய்யாவிட்டால், ஏழாம் மாதம் வேலையாள் மந்தமாவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மைதானத்தில் பயிற்சிக்கு ஒழுங்காக வரும் பிள்ளையை இருத்திவைத்து, தெரிந்தவரின் பிள்ளையை அணியில் போட்டால், கழகத்தில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பாடத்தைப் படித்துவிடும்.

4. மூன்றாவது அறுந்திருந்தால், யாருடைய ஆசை இது என்று ஒருமுறை யோசியுங்கள். மருத்துவர் ஆவது 1971 இல் எங்களுக்கு மறுக்கப்பட்ட கனவாக இருக்கலாம். 2009 இல் பிறந்த பிள்ளைக்கு வேறொரு கனவு இருக்கலாம்.

5. கயிறு வெளியில் அறுக்கப்பட்டிருந்தால், அது தனி மனிதரின் ஊக்கத்தால் மட்டும் சரியாவதில்லை. பாரபட்சமான விளம்பரத்தைக் கண்டால் முறையிடுவதும், வேலையில் இருப்பவர் வேலை தேடுபவருக்கு ஓர் அறிமுகம் செய்வதும், தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போவதும் ஊக்கத்தை வளர்க்கும் வேலைகள்தான். நானும் என்னோடு பெட்டி அடுக்கியவர்களும் அந்தத் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது, முதலில் வெளியேறிய ஒருவர் மற்றவர்களுக்கு ஒவ்வொருவராக வழி சொன்னதால்தான்.

அடுத்த தடவை "சோம்பேறி" என்ற சொல் வாயில் வரும்போது, அதைச் சற்று நிறுத்திவைத்து, மூன்றில் ஒரு கேள்வியையாவது கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்பதை வழமைபோல் நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள், அல்லது நேரலையில் அழைத்துச் சொல்லுங்கள்.